மலேசிய எஃப்-20க்கு எந்த வண்ணம்? வாங்கப்படாத ஒரு போர் விமானத்துக்கு நான்கு பூச்சுத் திட்டங்கள்

1/48 அளவில் எஃப்-20 டைகர்ஷார்க் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரிக் கிட்டை வாங்கி, அதை அரச மலேசிய ஆகாயப் படையின் விமானமாகச் செய்து முடிக்க நினைப்பவர்கள், இறக்கையை ஒட்டி, இடைவெளிகளைப் புட்டியால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து முடித்த பிறகு ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். எந்த வண்ணம் அடிப்பது? பீடோங், சுங்கை பட்டாணி, கோல கெட்டில் பக்கத்திலிருந்து இதைக் கேட்டவர்கள் பலர். பச்சை-பழுப்பு உருமறைப்பு, ஒரே சாம்பல், உலோக வெள்ளி, விழாக்காலப் புலி வால் ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல்தான் அவர்கள் தவிக்கிறார்கள். நான்கையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதற்காகவே இக்கட்டுரை.

முதலில் விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நார்த்ரோப் நிறுவனம் தன் எஃப்-5இல் இருந்த இரண்டு ஜே85 இயந்திரங்களை எடுத்துவிட்டு, ஒரே ஒரு எஃப்404 இயந்திரத்தை வைத்து உருவாக்கியதுதான் எஃப்-20. தொடக்கத்தில் எஃப்-5ஜி என்ற பெயரில் இருந்த அது 1982 ஆகஸ்ட் 30 அன்று முதன்முதலாகப் பறந்தது. கட்டப்பட்டவை மூன்றே மூன்று. ஒன்று 1984இல் தென் கொரியாவிலும் மற்றொன்று 1985இல் கனடாவிலும் விழுந்து நொறுங்கின. 1986இல் திட்டமே கைவிடப்பட்டது. மிஞ்சிய ஒன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிஃபோர்னியா அறிவியல் மையத்தில் இருக்கிறது. எந்த நாடும் இதை வாங்கவில்லை, மலேசியாவும் வாங்கவில்லை.

ஆனாலும் மலேசிய எஃப்-20 என்பது அடித்தளமில்லாத கற்பனை அன்று. 1975 முதல் பட்டர்வொர்த் விமானத்தளத்தில் எஃப்-5இ விமானங்கள் பறந்தன. 1997இல் வந்து சேர்ந்த எஃப்/ஏ-18டி ஹார்னெட்டுகளில் இருப்பதும் அதே எஃப்404 இயந்திரக் குடும்பமே. இந்த இரண்டுக்கும் நடுவில், 1986 அல்லது 1987 வாக்கில், எஃப்-5இக்குப் பதிலாக எஃப்-20 வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்பதில் தவறில்லை. கிட் கிடைப்பதிலும் பெரிய தடை இல்லை. மோனோகிராமின் பழைய வார்ப்பும் ஃப்ரீடம் மாடலின் புதிய வார்ப்பும் 1/48 அளவில் உண்டு. முடித்தால் ஏறத்தாழ 30 செ.மீ. நீளமும் 17 செ.மீ. இறக்கை அகலமும் உள்ள ஒல்லியான விமானம் கையில் இருக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

உண்மையில் பறந்த விமானத்தைச் செய்யும்போது வண்ணம் சரிதானா என்று யாராவது கேட்டால் ஒரு புகைப்படத்தைக் காட்டிவிடலாம். இல்லாத விமானத்துக்குப் புகைப்படம் ஏது? அது யாருடையது, எந்த ஆண்டில் பறந்தது, என்ன வேலை செய்தது ஆகிய மூன்றையும் வண்ணமும் சின்னமும் மட்டுமே சொல்லியாக வேண்டும். ஆகவே என் கணக்கில் முதல் அளவுகோல் ஆண்டு. பூச்சைப் பார்த்தவுடன் பார்ப்பவர் மனத்தில் ஒரு பத்தாண்டு தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால், எவ்வளவு நேர்த்தியாக அடித்திருந்தாலும் அது பெயரில்லாத ஒரு ஜெட்தான்.

இரண்டாவது, சின்னங்கள். கடையில் மலேசிய எஃப்-20க்கு என்று டெக்கால் தாள் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்) கிடைக்காது. மலேசிய எஃப்-5, ஹார்னெட் மாதிரிகளுக்கான தாள்களிலிருந்து மிஞ்சியதைப் பொறுக்க வேண்டும், அல்லது வீட்டில் அச்சடிக்க வேண்டும். வீட்டு அச்சுப்பொறிக்கு வெள்ளை மை கிடையாது என்ற ஒரே காரணம் உங்கள் வண்ணத் தேர்வையே மாற்றக்கூடியது. அதை ஒவ்வொரு திட்டத்தின் கீழும் சொல்கிறேன்.

மூன்றாவது, உங்களிடம் இருக்கும் கருவி. ஏர்பிரஷ்ஷும் (காற்றழுத்தத்தால் பூச்சைத் தூவும் கருவி) கம்ப்ரசரும் உள்ளவருக்கும், ஸ்ப்ரே டப்பா மட்டும் வைத்திருப்பவருக்கும், தூரிகையை மட்டும் நம்பியிருப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

நான்காவது, நம் காற்று. லாக்கர் பூச்சு உலரும்போது அதன் கரைப்பான் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் படிந்து, பூச்சின் மேல் வெள்ளைப் படலம் படர்ந்துவிடுகிறது. குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரியாத புதிராக இருக்கும். ஸ்ப்ரே டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடாக்கச் சொல்லும் அதே காணொளிகள் மழைக்கு முன்னால் அடிக்காதே என்று சொல்வதில்லை. நம் பக்கத்தில் விடியற்காலைதான் ஈரம் மிகுந்த நேரம். வெயில் ஏறிய முற்பகல் முதல், பிற்பகலில் மேகம் திரளும் வரை உள்ள இடைவெளியே நல்லது. கெடாவில் ஜனவரியும் பிப்ரவரியும் ஓரளவு வறண்டிருக்கும் என்பதால், பளபளப்பான பூச்சு எதுவானாலும் அந்த மாதங்களுக்கு ஒத்திவைப்பது புத்திசாலித்தனம். தோட்டத்துச் சாலையோரம் வீடு உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரிகள் கிளப்பும் செம்மண் தூசி, காயாத பூச்சின் மேல் வந்து உட்கார்ந்தால் எடுக்கவே முடியாது.

செலவை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. பூச்சின் விலையைவிட மறைப்பு டேப், டெக்கால் தாள், மெல்லிப்பான் (தின்னர்), தபால் செலவு ஆகியவைதான் கூடிப்போகும். அவை எந்தத் திட்டத்தில் ஒளிந்திருக்கின்றன என்பதை அங்கங்கே காட்டுகிறேன்.

## பச்சை-பழுப்பு உருமறைப்பு

தென்கிழக்காசிய உருமறைப்பு என்று மாடல் செய்பவர்கள் அழைக்கும் இந்தத் திட்டம் 1960களின் நடுவில் வியட்நாம் போருக்காக அமெரிக்க விமானப்படை வகுத்தது. மேற்புறத்தில் பழுப்பு, நடுத்தரப் பச்சை, கரும்பச்சை என்று மூன்று நிறங்கள். அடிப்புறத்தில் வெளிர் சாம்பல். அமெரிக்க நிறத்தர எண்களில் சொன்னால் எஃப்எஸ் 30219, 34102, 34079, 36622. மிஸ்டர் கலர் என்ற பூச்சு வரிசையில் இவை முறையே 310, 303, 309, 311. ஸ்ப்ரே டப்பாவாக வேண்டுமானால் டமியா நிறுவனத்தின் ஏஎஸ்-15, ஏஎஸ்-14, ஏஎஸ்-13, ஏஎஸ்-16. இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால், இணையத்தில் வாங்கும்போது "ராணுவப் பச்சை" என்று எதையோ அனுப்பிவிட்டார்களே என்று புலம்ப வேண்டியிருக்காது.

ஆண்டு என்ற அளவுகோலில் இந்தத் திட்டத்துக்கு நிகர் வேறில்லை. 1980களில் மலேசியா வாங்கிய ஏ-4 ஸ்கைஹாக்குகள் பச்சையும் பழுப்புமாகப் பறந்தவை. குவாந்தானில் அவற்றைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எஃப்-20 வந்திருந்தால் அந்த ஸ்கைஹாக்குகளோடு ஒரே காலத்தில்தான் சேவையில் இருந்திருக்கும். பச்சை-பழுப்பில் ஓர் எஃப்-20ஐ அலமாரியில் வைத்தால், மாடல் உலகம் தெரியாதவர்கூட "இது பழைய காலத்து விமானமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியே போதும். கற்பனை வேலை செய்துவிட்டது என்று பொருள். நம் நிலத்துக்கும் இது பொருந்தும். மறுநடவுக்காகச் செம்பனையை வெட்டிச் சாய்த்த நிலத்தின் வெற்று மண்ணும், அதை ஒட்டிய ரப்பர்க் காட்டின் இருளும் மேலிருந்து பார்த்தால் ஏறக்குறைய இந்த மூன்று நிறங்கள்தான்.

வேலை என்று வந்தால் இதுதான் நான்கிலும் நேரம் பிடிப்பது. நிறங்களுக்கு இடையிலான எல்லை எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உண்மையான விமானத்தில் ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் பட்டை 5 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், 1/48 அளவில் அது ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. ஏர்பிரஷ்ஷை வெறுங்கையால் பிடித்து அடிக்கும்போது பட்டை 4 அல்லது 5 மி.மீ. அகலத்துக்குப் பரவிவிடும். மாடல் பொம்மை போலத் தோன்றுவது அதனால்தான். இதற்குப் புளூடாக் என்ற, களிமண் போல் உருட்டி ஒட்டி எடுக்கும் பசையே நல்ல வழி. அதை உள்ளங்கைக்கும் மேசைக்கும் நடுவில் உருட்டி 3 மி.மீ. தடிப்புள்ள திரியாக்கி, பென்சிலால் வரைந்த எல்லைக் கோட்டின் மேல் வளைத்து வைக்க வேண்டும். திரிக்கு உட்புறத்தை டேப்பாலோ காகிதத்தாலோ மூடிவிட்டு, ஏர்பிரஷ்ஷை மேற்பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து அடித்தால், திரியின் வளைந்த அடிப்பகுதி விடும் மெல்லிய நிழலே உங்களுக்கு வேண்டிய 1 மி.மீ. கரைவைத் தந்துவிடும். ஏர்பிரஷ்ஷைச் சாய்த்து, திரியின் அடியில் பூச்சு நுழையும்படி அடித்தால் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் கூர்மையாகவும் எல்லை கோணலாகிவிடும். வரிசை முக்கியம்: முதலில் அடிப்புறச் சாம்பல், பிறகு பழுப்பு, நடுத்தரப் பச்சை, கடைசியாகக் கரும்பச்சை. வெளிர்நிறத்தின் மேல் இருண்டது எளிதாக மூடும். மாறாகச் செய்தால் நாலைந்து கோட்டு (பூச்சுப் படலம்) அடித்தாலும் அடியில் உள்ளது தெரியும்.

ஏர்பிரஷ் இல்லாதவர்கள் இந்த இடத்தில் மனம் தளர வேண்டாம். தூரிகையால் அடிப்பவர்களுக்கு நான்கு திட்டங்களில் மிகவும் கைகொடுப்பது இதுவே. நிறங்கள் திட்டுத் திட்டாக உடைந்திருப்பதால், தூரிகைக் கோடுகள் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. வல்லெஹோ போன்ற நீர்க்கலவைப் பூச்சை மெலிதாகக் கரைத்து, ஒரு கோட்டு முழுவதும் காய்ந்த பிறகு அடுத்ததை அடித்தால், சமையலறை மேசையிலேயே வேலை முடிந்துவிடும்; அக்கம்பக்கத்தாருக்கு லாக்கர் நெடியும் போகாது. ஸ்ப்ரே டப்பா மட்டும் உள்ளவர்களுக்குத்தான் இது பொருந்தாது. டப்பாவின் வீச்சு அகலமானது, ஒவ்வொரு நிறத்துக்கும் விமானம் முழுவதையும் மூடி எடுக்க வேண்டும். நான்கு டப்பாக்களில் பாதிக்கும் மேற்பட்ட பூச்சு மறைப்புக் காகிதத்துக்கே போய்ச் சேரும்.

சின்னம் இங்கே முழு வண்ணத்தில் இருக்க வேண்டும். நீல வட்டத்துக்குள் மஞ்சள் பதினான்கு முனை நட்சத்திரம். ஒளி ஊடுருவும் தாளில் மஞ்சளை அச்சடித்துப் பச்சையின் மேல் ஒட்டினால் நட்சத்திரம் காணாமல் போய்விடும். ஆகவே வெள்ளைப் பின்னணித் தாளில் அச்சடித்து, நீல வட்டத்தின் விளிம்பை ஒட்டி வெட்ட வேண்டும். வட்டத்தின் வெளி எல்லை நீலமாக இருப்பது நமக்கு வசதி. கத்திமுனை அந்த நீலத்தின் உள்ளே ஒரு மயிரிழை ஓடினால் வெள்ளை ஓரம் தெரியாது. வெட்டிய விளிம்பில் நீல மார்க்கரை ஒரு சுற்று ஓட்டினால் தாளின் தடிப்பும் மறைந்துவிடும். அச்சு மை இன்க்ஜெட் என்றால், தண்ணீரில் நனைப்பதற்கு முன் தெளிவான வார்னிஷ் இரண்டு கோட்டு அடித்து உலரவைக்காமல் விடக் கூடாது.

## சாம்பல்

"வேலை சுலபம் என்பதற்காகச் சாம்பலையே அடித்துவிடலாமா, அண்ணே?" என்று பாடாங் செராயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அடிக்கலாம். ஆனால் எந்தச் சாம்பல் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் இதில் இரண்டு வேறுபட்ட கதைகள் இருக்கின்றன.

ஒன்று, அமெரிக்கக் கடற்படை ஹார்னெட்டுகளில் நாம் பார்க்கும் இரட்டைச் சாம்பல்: மேலே எஃப்எஸ் 36320, கீழே 36375. மிஸ்டர் கலரில் 307, 308. டமியா டப்பாவில் ஏஎஸ்-25, ஏஎஸ்-26. இரண்டு டப்பா, ஓர் எல்லைக் கோடு, ஒரு பிற்பகல். ஸ்ப்ரே டப்பாக்காரர்களுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஈரத்தால் வெளுத்தாலும் வெளிர் சாம்பலில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நான் முதல் அளவுகோலாக வைத்த ஆண்டு என்பதில் இது முழுமையாகத் தோற்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகில் பாதி நாடுகளின் ஜெட்டுகள் இப்படித்தான் இருந்திருக்கின்றன. சின்னத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால் இது யாருடைய எஃப்-20 என்று சொல்லவே முடியாது.

இரண்டாவது, விமானம் முழுவதற்கும் எஃப்எஸ் 36118 என்ற இருண்ட சாம்பல். மிஸ்டர் கலரில் 305. மலேசிய ஹார்னெட்டுகளை லங்காவி லிமா கண்காட்சியிலோ பட்டர்வொர்த் பக்கத்து வானிலோ பார்த்தவர்களுக்கு அந்த இருண்ட தோற்றம் நினைவிருக்கும். மற்ற நாடுகளின் ஹார்னெட்டுகள் வெளிறிக் கிடக்க, நம்முடையவை கருத்திருக்கும். ஆகவே இந்தச் சாம்பல் ஒரு கதையைத் தெளிவாகச் சொல்கிறது: 1980களில் வாங்கிய எஃப்-20கள், 1997க்குப் பிறகு ஹார்னெட்டுகளோடு சேர்ந்து இயங்கி, அவற்றின் நிறத்துக்கே மாற்றப்பட்டன. இயந்திரக் குடும்பமும் ஒன்றே என்பதால் இந்தக் கதையில் ஓட்டை இல்லை. சாம்பல்தான் என்று முடிவு செய்பவர்களுக்கு என் பரிந்துரை இந்த இருண்ட சாம்பலே.

ஆனால் பூச்சுக் குப்பியிலிருந்து எடுத்தபடியே அடித்தால் வீட்டுக்குள் குழல் விளக்கின் கீழ் அது ஏறக்குறைய கறுப்பாகத் தோன்றும். எஃப்-20இன் மெல்லிய இடுப்பும், இறக்கை உடலைச் சேரும் இடத்து வளைவுகளும் இருட்டில் மூழ்கிவிடும். தொலைவிலிருந்து பார்க்கும் பொருளின் நிறம் காற்றால் சற்று வெளிறித் தெரிவதால், 1/48 மாதிரிக்குப் பத்தில் ஒரு பங்கு வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் கலப்பது மாடல் செய்பவர்களின் பழைய வழக்கம். இந்த நிறத்துக்கு நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கலப்பேன்.

சாம்பலில் ஒளிந்திருக்கும் செலவு பூச்சு முடிந்த பிறகுதான் தலைகாட்டும். ஒரே நிறம் என்பதால் மேற்பரப்பு உயிரில்லாமல் கிடக்கும். அதை எழுப்பப் பேனல் கோடுகளில் (விமானத்தின் உலோகத் தகடுகளைப் பிரிக்கும் கோடுகளில்) எண்ணெய்க் கலவை ஓட்ட வேண்டும், திட்டுத் திட்டாக வெளிறவைக்க வேண்டும். கடலோரத் தளத்தில் உப்புக்காற்று அரிக்கும் இடங்களைத் தரைப்பணியாளர்கள் சுரண்டிப் புதுப் பூச்சு தடவுவார்கள். அந்தச் சதுரத் திட்டுகளை, சற்றே வேறு சாம்பலில், பேனல்களின் ஓரமாகவும் திருகு வரிசைகளின் மேலும் போட்டால் பட்டர்வொர்த்தில் நின்ற விமானம் என்பது நம்பும்படியாக இருக்கும். இதற்கு ஏர்பிரஷ்ஷும் பொறுமையும் வேண்டும். ஒரே பிற்பகலில் முடிந்தது என்று நினைத்த வேலை இரண்டு வாரம் இழுப்பது இப்படித்தான். தூரிகை மட்டும் உள்ளவர்கள் சாம்பலைத் தவிர்க்கவும். ஒவ்வொரு கோடும் தெரியும்.

சின்னத்தில் சாம்பலுக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. மங்கல் சின்னங்கள் கறுப்பிலோ அடர் சாம்பலிலோ இருந்தால் போதும் என்பதால், மலிவான ஒளி ஊடுருவும் தாளிலேயே எல்லாவற்றையும் அச்சடித்துவிடலாம். ஆனால் 36118இன் மேல் கறுப்பு எழுத்து படிக்கத் தெரியாது. அங்கே வெளிர் சாம்பல் எழுத்து வேண்டும், அச்சுப்பொறியால் அது முடியாது. அதற்கு ஸ்டென்சில் வெட்டி அடிப்பதே வழி.

## உலோக வெள்ளி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கண்ணாடி போல் பளபளக்கும் விமானம் அலமாரியில் அழகாகவே இருக்கும். யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் பூச்சில்லாத உலோகத் தோற்றம் 1950களுக்கும் 60களுக்கும் உரியது. 1969இல் ஆஸ்திரேலியா நமக்குத் தந்த சேபர் விமானங்களின் தலைமுறை அது. 1982இல் பறந்த எஃப்-20க்கு அதைப் பூசுவது கதையை இருபது ஆண்டு பின்னோக்கி இழுக்கிறது.

நம் காற்றுக்கு இதுவே மிகக் கடினமானது. ஆல்கிளாட் போன்ற உலோக லாக்கர்களுக்கு அடியில் பளபளப்பான கறுப்பு வேண்டும். அந்தக் கறுப்பு ஈரத்தில் வெளுத்தாலோ, லாரித் தூசி ஒட்டினாலோ மேலே அடிக்கும் உலோகம் அதை மறைக்காது, பெரிதாக்கியே காட்டும். புட்டி வைத்த இணைப்புக் கோட்டை 2000ஆம் எண் உப்புத்தாள் வரை தேய்த்து மெருகேற்ற வேண்டும். மறைப்பு டேப்பை உள்ளங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைக்காமல் ஒட்டினால், உரிக்கும்போது உலோகமும் சேர்ந்து வரும். டமியா ஏஎஸ்-12 டப்பாவை அடித்தால் இந்தத் தொல்லைகள் பாதி குறையும், பளபளப்பும் குறையும்.

இருந்தாலும் இதற்கும் ஓர் இடம் உண்டு. படையில் சேராத, தொழிற்சாலையிலிருந்து செயல்விளக்கத்துக்காகக் கோலாலம்பூருக்கு வந்த விமானம் என்று கதை வைத்துக்கொண்டால் வெள்ளி பொருந்தும். அப்படிப்பட்ட விமானத்துக்குப் படைச்சின்னம் தேவையில்லை என்பதால் டெக்கால் தலைவலியும் இல்லை.

## விழாக்காலப் புலி வால்

விமானத்தின் பெயரிலேயே புலி இருக்கிறது; நம் நாட்டுச் சின்னத்தின் இருபுறமும் புலி நிற்கிறது. யாருக்கும் ஆசை வரும். காலமும் அமைகிறது. நம் ஆகாயப் படை தோன்றியது 1958 ஜூன் 2. அதன் முப்பதாம் ஆண்டு 1988. புதிதாக வந்த எஃப்-20களில் ஒன்றின் வாலில் புலிக்கோடு போட்டு அந்த ஆண்டைக் கொண்டாடினார்கள் என்பது நம்பத்தகுந்த கதை.

எல்லை மீறாமல் இருப்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. உடல் முழுவதும் கோடு போட்டால் அது கோவில் திருவிழாப் புலியாட்டத்துக்குப் போன விமானம் ஆகிவிடும். உடலைப் பச்சை-பழுப்பிலோ சாம்பலிலோ விட்டுவிட்டு, வாலை மட்டும் மஞ்சளாக்கிக் கறுப்புக் கோடு போடுவதே பாந்தம். மஞ்சளுக்கு அடியில் வெள்ளையோ இளஞ்சிவப்போ கட்டாயம். இருண்ட நிறத்தின் மேல் நேராக அடித்தால் மஞ்சள் பச்சைக் கலங்கலாகத் தெரியும். கோடுகளை டேப்பில் வெட்டாமல் தூரிகையால் வரைவதே நல்லது. புலியின் கோடு ஒரே தடிப்பில் இருப்பதில்லை, கைநடுக்கம்கூட இங்கே உதவியாகவே முடியும்.

இதன் மறைமுகச் செலவு நேரம்தான். உடலுக்கு ஒரு திட்டம், வாலுக்கு இன்னொன்று என்று இரண்டு வேலையைச் செய்கிறீர்கள். முதல் மாடலுக்கு இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | பச்சை-பழுப்பு | சாம்பல் | உலோக வெள்ளி | புலி வால் |
|---|---|---|---|---|
| எந்தக் கதைக்கு | 1987 வாக்கில் புதிதாக வந்தது | 1997க்குப் பின் ஹார்னெட்டுகளின் துணை | விற்பனைச் செயல்விளக்கம் | 1988 விழா |
| நிறங்கள் | 4 | 1 அல்லது 2 | உலோகம், அடியில் கறுப்பு | உடல் நிறத்தோடு இன்னும் 3 |
| தூரிகைக்கு | மிக ஏற்றது | ஏற்றதன்று | முடியாது | வாலுக்கு ஏற்றது |
| ஸ்ப்ரே டப்பாவுக்கு | வீண்செலவு | மிக ஏற்றது | ஏஎஸ்-12 மட்டும் | வால் அடிப்பூச்சுக்கு மட்டும் |
| ஈரக் காற்று | கரும்பச்சையில் வெளுப்பு தெரியும் | வெளிர் சாம்பலில் தெரியாது | கடும் தொல்லை | மஞ்சளில் அவ்வளவாகத் தெரியாது |
| டெக்கால் | வெள்ளைத் தாள் வேண்டும் | ஒளி ஊடுருவும் தாள் அல்லது ஸ்டென்சில் | ஏறக்குறைய இல்லை | வெள்ளைத் தாள் வேண்டும் |
| ஒளிந்திருக்கும் செலவு | மறைப்புப் பொருள்கள் | பூச்சுக்குப் பிந்திய வேலை | மெருகேற்றல், மறு அடி | இரட்டை நேரம் |

## யாருக்கு எது

தூரிகை மட்டும் உள்ளவர்கள் தயங்காமல் பச்சை-பழுப்பை எடுக்கலாம். ஸ்ப்ரே டப்பா மட்டும் வைத்திருப்பவர்கள் இரட்டைச் சாம்பலை அடித்து, சின்னங்களை மட்டும் முழு வண்ணத்தில் வைத்தால் ஆண்டு தெரியாத குறை ஓரளவு நீங்கும். 1980களின் இறுதியில் உலகெங்கும் பச்சை போய்ச் சாம்பல் வந்த இடைக்காலத்தில் முழு வண்ணச் சின்னத்தோடு சாம்பல் விமானங்கள் இருந்ததுண்டு. ஏர்பிரஷ் உள்ளவர்களுக்குப் பச்சை-பழுப்பா, இருண்ட சாம்பலா என்பதுதான் கேள்வி. அலமாரியில் ஏற்கெனவே மலேசிய ஹார்னெட் ஒன்று நின்றால், அதன் பக்கத்தில் இருண்ட சாம்பல் எஃப்-20 நன்றாகச் சேரும். ஸ்கைஹாக் நின்றாலோ, எதுவும் இல்லாவிட்டாலோ, என் தேர்வு பச்சை-பழுப்புதான். இல்லாத விமானத்துக்கு ஊரும் காலமும் தருவதில் மற்ற மூன்றும் அதற்குப் பின்னால்தான் நிற்கின்றன.

கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் எந்தத் திட்டமானாலும் ஈரப்பிடிப்பானைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுத் தொடங்குங்கள். நம் காற்றில் அரைமணி ஓட்டத்திலேயே அது நிரம்பி, பச்சையின் நடுவில் நீர்த்துளியைத் துப்பிவிடும். லாக்கர் அடிப்பவர்கள் மிஸ்டர் கலரின் லெவலிங் மெல்லிப்பானைப் பயன்படுத்தினால், அதிலுள்ள உலர்தாமதப் பொருள் வெளுப்பைப் பெருமளவு தடுக்கும். சாதாரண மெல்லிப்பானைவிட விலை கூடுதல்தான், ஆனால் ஒரு மாடலைச் சுரண்டித் திரும்ப அடிப்பதைவிட மலிவு. துணி முகக்கவசம் லாக்கர் ஆவியைத் தடுக்காது. கரிவடிப்பான் உள்ள கவசம் போட்டுக்கொண்டு, பின்வாசலைத் திறந்துவைத்து அடியுங்கள்.

வால் எண்ணைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மலேசிய ஆகாயப் படை ஒவ்வொரு விமான வகைக்கும் எம் என்ற எழுத்தோடு ஓர் எண்ணைத் தருகிறது: எஃப்-5க்கு எம்29, ஸ்கைஹாக்குக்கு எம்32, ஹார்னெட்டுக்கு எம்45. கற்பனை விமானத்துக்குப் புது எண் வைக்கப் போனால், அது வேறு ஏதோ ஒரு பயிற்சி விமானத்தின் எண்ணாக அமைந்துவிட வாய்ப்பு உண்டு. எஃப்-20 பிறந்ததே எஃப்-5ஜி என்ற பெயரில் என்பதால், எம்29 வரிசையையே தொடர்ந்து, கோட்டுக்குப் பின்னால் எஃப்-5கள் எட்டாத ஓர் உயர்ந்த எண்ணைப் போடுங்கள். எம்29-41 என்று வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. பச்சை-பழுப்பில் கறுப்பு எழுத்து, பழுப்புத் திட்டின் மேல் விழும்படி உருமறைப்பு எல்லையை வாலில் முன்கூட்டியே வரைந்துகொண்டால் போதும். அதற்கு மட்டும் வெள்ளைத் தாள் தேவைப்படாது.